கத்திரி வெயிலில் 17 டிகிரி

வேலூரில் மே மாத நண்பகலில் நின்றுகொண்டு "காற்று 17 டிகிரிதான் இருக்கிறது" என்று ஒருவர் சொன்னால், ஜுரமாக இருக்குமோ என்று அவர் நெற்றியைத் தொட்டுப் பார்ப்போம். என் கார் இதைத்தான் தன் கம்ப்யூட்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர் அதை முழுசாக நம்பி, ஏலகிரியில் மார்கழி மாதக் காலையில் ஓடும் வண்டிக்கு ஊற்ற வேண்டிய கணக்கில் பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருந்தது.

எங்கள் ஊர் வெயிலைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. சுற்றிலும் பாறை மலைகள், நடுவில் பெரும்பாலான மாதங்கள் மணலாகவே கிடக்கும் பாலாறு. மே 4ஆம் தேதியை ஒட்டிக் கத்திரி தொடங்குவதற்கு முன்பே 40 டிகிரியைத் தாண்டிவிடும். மாலைச் செய்தியில் வெயில் சதமடித்த ஊர்களை வாசிக்கும்போது வேலூர் விடுபட்டால்தான் நாங்கள் நிமிர்ந்து பார்ப்போம். இந்த வெயிலால் எனக்குக் கிடைத்த ஒரே லாபம் இந்தப் பழுது பிடிபட்டதுதான். ஊட்டியில் இருந்திருந்தால் 17 டிகிரி என்ற எண்ணை யாரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள்.

வண்டி ஒரு பழைய பெட்ரோல் ஹேட்ச்பேக். காலையில் ஒழுங்காக ஸ்டார்ட் ஆகும். காட்பாடி வரை ஓட்டிப் போய் வெயிலில் அரை மணி நேரம் நிறுத்திவிட்டுத் திரும்ப ஸ்டார்ட் செய்தால் செல்ஃப் நீளமாகச் சுற்றும். ஒருவழியாகக் கிளம்பும்போது பெட்ரோல் வாசம் அடிக்கும். ஐட்லிங்கில் லேசான உதறல். சைலன்சர் முனையில் விரலை விட்டால் கரி. மைலேஜ் கொஞ்சம் குறைந்திருந்தது, ஆனால் ஏசியைக் காரணம் சொல்லிச் சமாதானம் அடையக்கூடிய அளவுதான். டாஷ்போர்டில் செக் என்ஜின் விளக்கு எரியவே இல்லை. பெரிய ஒர்க்‌ஷாப் ஒன்றில் காட்டினேன். ஸ்கேனரைச் செருகினார்கள், பழுதைக் குறிக்கும் கோடு (code) எதுவும் வரவில்லை, உடனே ஒரு பட்டியல் வந்தது: இன்ஜெக்டர் சுத்தம் செய்ய வேண்டும், பிளக் மாற்ற வேண்டும், அதற்கும் சரியாகாவிட்டால் ஆக்சிஜன் சென்சார். அளந்து பார்க்காமல் பாகங்களை வரிசையாக மாற்றிக்கொண்டே போவதற்கு இங்கே பழுது பார்த்தல் என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஏதோ ஒரு கட்டத்தில் சரியாகிவிட்டால் கடைசியாக மாற்றிய பாகம்தான் குற்றவாளி என்று முடிவாகும். கோடு இல்லை என்றால் கோளாறு இல்லை என்று நினைப்பது இன்னொரு நோய்.

எஸ்டிமேட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சத்துவாச்சாரியில் வயரிங் வேலை மட்டும் பார்க்கும் பாயிடம் போனேன். அவர் கோடு பக்கத்தைத் திறக்கவே இல்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள 16 பின் சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகி, நேரடி அளவுகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தார். ஒரு வரியில் விரல் நின்றது.

"சார், வெளியே எவ்வளவு வெயில் இருக்கும்?"

"நாற்பதுக்கு மேல் இருக்கும், பாய்."

"உங்கள் வண்டி பதினேழு என்கிறது."

என்ஜினுக்குள் போகும் காற்றின் வெப்பத்தை அளக்கும் சென்சார் அது. கடைகளில் ஏர் டெம்ப் சென்சார் என்பார்கள். ஸ்கேனரில் ஐஏடி என்று வரும். இந்த வண்டியில் ஏர் ஃபில்டரிலிருந்து வரும் குழாயில் செருகியிருக்கிறது. இரண்டே வயர். பானெட்டுக்குள் ஏற்கெனவே சூடான இடத்தில் உட்கார்ந்திருப்பதால், வெளியே 41 என்றால் அது 45, 50 என்றுதான் காட்ட வேண்டும். வெளிக்காற்றைவிடக் குளிர்ந்த காற்றை இழுக்க, குழாயின் வாயில் யாரும் ஏசி பொருத்தவில்லை.

இந்த எண் எதற்கு என்றால், காற்று சூடானால் விரியும். அதே கன அளவில் காற்றின் எடை குறையும். கடல் மட்ட அழுத்தத்தில் ஒரு கனமீட்டர் காற்று 20 டிகிரியில் சுமார் 1.20 கிலோ, 40 டிகிரியில் 1.13 கிலோ. பெட்ரோல் எரிவதற்கு எடைக்கணக்கில் அதைப்போல் 14.7 மடங்கு காற்று வேண்டும். ஆகவே எவ்வளவு காற்று வந்தது என்று தெரிந்தால்தான் எவ்வளவு பெட்ரோல் என்று ஈசிஎம், அதாவது என்ஜினின் கம்ப்யூட்டர், முடிவு செய்ய முடியும். என் வண்டி போன்றவற்றில் காற்றின் எடையை நேரடியாக அளக்கும் கருவி கிடையாது. இன்டேக் குழாயின் அழுத்தம், என்ஜின் சுற்றும் வேகம், காற்றின் வெப்பம் ஆகியவற்றை வைத்து எடையைக் கணக்குப் போடுகிறது. உண்மையில் 50 டிகிரி, கேள்விப்பட்டது 17 டிகிரி என்றால் கணக்கில் சுமார் 11 சதவீதம் கூடுதல் காற்று வந்துவிடும். இல்லாத காற்றுக்குப் பெட்ரோல்.

அப்படியானால் வண்டி ஓடியதே எப்படி? சைலன்சர் பக்கம் இருக்கும் ஆக்சிஜன் சென்சார்தான் காப்பாற்றிக்கொண்டிருந்தது. பெட்ரோல் அதிகம் என்று அது புகார் சொல்லச் சொல்ல ஈசிஎம் குறைத்துக்கொண்டே வரும். இப்படிக் கூட்டிக் குறைப்பதை ஃபியூவல் ட்ரிம் என்பார்கள். ஸ்கேனரில் நீண்டகால ட்ரிம் மைனஸ் 11 சதவீதம் என்று நின்றது. அதாவது கணக்கு தப்பு என்பது ஈசிஎம்முக்குத் தெரியும், எந்த உறுப்பு தப்பாகச் சொல்கிறது என்பதுதான் தெரியாது. கோடு போடும் எல்லையையும் இது தொடவில்லை. ஸ்டார்ட் செய்யும் நொடிகளில் ஆக்சிஜன் சென்சாரின் பேச்சு எடுபடாது. வெப்பக் கணக்கு வைத்தது சட்டம். வெயிலில் நிறுத்திய பிறகு ஸ்டார்ட் ஆக அடம்பிடித்ததன் காரணம் இதுதான். பட்டியலில் கடைசியாக மாற்றச் சொன்னார்களே ஆக்சிஜன் சென்சார், அந்த வண்டியில் உண்மை பேசிக்கொண்டிருந்த ஒரே சாட்சி அது.

சென்சாருக்குள்ளே இருப்பது தெர்மிஸ்டர், சூடு ஏற ஏற மின்தடை குறையும் ஒரு பொருள். வெள்ளி சல்ஃபைடு இப்படி நடந்துகொள்வதை ஃபாரடே 1833இலேயே பார்த்துவிட்டார். என் வண்டியில் உள்ள ரகம் 0 டிகிரியில் சுமார் 5.9 கிலோ ஓம், 20இல் 2.5, 40இல் 1.2, 80இல் 0.3 கிலோ ஓம். ஈசிஎம் தன் உள்ளே இருக்கும் ஒரு ரெசிஸ்டர் வழியாக 5 வோல்ட் அனுப்பும். சிக்னல் வயரில் போய், தெர்மிஸ்டரைக் கடந்து, எர்த் வயரில் திரும்பி வரும். சிக்னல் வயரில் எவ்வளவு வோல்ட் தங்குகிறது என்று பார்த்து வெப்பத்தைக் கண்டுகொள்கிறது. சூடு அதிகமானால் வோல்ட் குறைவு. ஈசிஎம் பார்ப்பது வோல்டேஜை மட்டும்தான் என்பதை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும். வயர் அறுந்தால் 5 வோல்ட் அப்படியே நிற்கும். அதற்கு அர்த்தம் மைனஸ் 40 டிகிரி. செல்சியஸும் ஃபாரன்ஹீட்டும் ஒத்துப்போகும் ஒரே இடம் அது என்பதால் ஸ்கேனர் எந்த அலகில் இருந்தாலும் அதே எண்தான் வரும். சிக்னல் வயர் தோல் உரிந்து பாடியில் பட்டால் 0 வோல்ட். அப்போது 120, 140 என்று கொதிக்கும். முதல் வகைக்கு பி0113, இரண்டாவதற்கு பி0112 என்று கோடு விழும், விளக்கும் எரியும்.

இந்த இரண்டும் யாருக்கும் பிடிபடும் பழுதுகள். குடியாத்தம் பக்கம் நெல் அறுவடை முடிந்ததும் வயலை விட்டு வெளியேறும் எலிகள் பானெட்டுக்குள் குடியேறி வயரைக் கடித்து வைத்தால் மைனஸ் 40 வரும். எலிப்புழுக்கையே துப்புக் கொடுத்துவிடும். எல்லைக்குள் இருந்துகொண்டே தப்பாகச் சொல்லும் எண்தான் ஆளைச் சுற்ற வைக்கும். 17 டிகிரி உலகத்தில் எங்கோ ஓரிடத்தில் நியாயமான வெப்பம். கார் எங்கே இருக்கிறது என்று ஈசிஎம்முக்கு யாரும் சொல்லவில்லை.

பாய் அன்று எதையும் கழற்றவில்லை. வண்டியை ராத்திரி அங்கேயே விட்டுவிட்டுப் போகச் சொன்னார். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் என்ஜின் தண்ணீரும் குழாய்க் காற்றும் ஊர்க்காற்றும் ஒரே சூட்டுக்கு வந்துவிடும். காலையில் சாவியைத் திருப்பி, ஸ்டார்ட் செய்யாமல், இரண்டு அளவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். செலவில்லாத சோதனை. வீட்டு வாசலில் நிற்கும் எந்த வண்டிக்கும் செய்யலாம். மறுநாள் காலையில் தண்ணீர் 28, காற்று 10. இரண்டு மூன்று டிகிரி வித்தியாசம் இருக்கலாம். 18 டிகிரிக்கு வழியே இல்லை.

எனக்கு அந்த எண்களில் ஒரு விஷயம் உறுத்தியது. காலையில் 18 டிகிரி குறைவு, நண்பகலில் 33 டிகிரி குறைவு. ஒரே அளவாகத் தள்ளிச் சொன்னால் அதற்கு ஒரு காரணம் தேடலாம். இது சூடு ஏற ஏறப் பெரிய பொய் சொல்கிறது. பழைய நோட்டுத் தாளின் பின்பக்கத்தில் தடைக்கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 28 டிகிரியில் தெர்மிஸ்டர் ஏறக்குறைய 1.8 கிலோ ஓம். 10 டிகிரி என்று தோன்ற 3.8 வேண்டும். 50 டிகிரியில் 0.8, 17 என்று தோன்ற 2.8 வேண்டும். இரண்டு இடத்திலும் கூடுதலாக இருப்பது அதே 2 கிலோ ஓம். சுற்றில் எங்கோ ஒரு தடை புகுந்து உட்கார்ந்திருக்கிறது. அப்படி இருந்தால், வெளியே நெருப்பே எரிந்தாலும் ஸ்கேனர் 26 டிகிரியைத் தாண்டாது. ஏனென்றால் அந்த 2 கிலோ ஓம் மட்டும் தனியாக நின்றாலே அது 26 டிகிரி. சூடான என்ஜினை நிறுத்தி பானெட்டை மூடி வைத்துப் பார்த்தோம். 19, 20, 22 என்று ஏறி அங்கேயே நின்றுவிட்டது. கையை உள்ளே வைக்க முடியவில்லை.

இதற்கிடையில் ஒரு சின்ன வயிற்றெரிச்சல். கார் சக்தியைக் கூட்டும் சிப் என்று இணையத்தில் சில ஆயிரம் ரூபாய்க்கு விற்கும் பெட்டிகளில் ஒரு வகை இருக்கிறது. பிரித்துப் பார்த்தால் உள்ளே சில்லறைக் காசு பெறும் ஒரு ரெசிஸ்டர். அதை இந்த சென்சாரின் வயரில் சேர்த்துவிட்டால், காற்று குளிர்ந்திருக்கிறது என்று நினைத்து ஈசிஎம் கூடுதல் பெட்ரோல் விடும். கொஞ்ச நேரத்தில் ஆக்சிஜன் சென்சார் அதைக் குறைத்துவிடும் என்பதை விற்பவர் சொல்வதில்லை. எனக்கு அந்த சிப் இலவசமாகவே கிடைத்திருந்தது.

தடை எங்கே என்பதுதான் மிச்சம். சென்சாரையும் வயரையும் இணைக்கும் கப்ளரைப் பாய் கழற்றினார். ஸ்கேனரில் மைனஸ் 40. சரி. மெல்லிய கம்பியை வளைத்து, வயர் பக்கத்துக் கப்ளரின் இரண்டு துளைகளையும் இணைத்தார். சென்சார் இல்லாமல் நேராக இணைத்தால் தடை பூஜ்யம், ஸ்கேனர் உச்சிக்குப் போக வேண்டும். 26இல் நின்றது. சென்சாரே இல்லாதபோதும் பொய் தொடர்கிறது என்றால் சென்சார் நிரபராதி. அடுத்து சிக்னல் துளையிலிருந்து ஒரு வயரை எடுத்து நேராக பேட்டரி நெகட்டிவில் வைத்தார். 130ஐத் தாண்டி ஏறியது. ஆகவே சிக்னல் வயர் சுத்தம், ஈசிஎம் சுத்தம். எர்த் பக்கம்தான் கோளாறு. இந்தச் சென்சாரின் எர்த் வயர் வழியில் மற்ற சென்சார்களின் எர்த்தோடு சேர்ந்துதான் ஈசிஎம்முக்குப் போகிறது. சேருமிடத்துக்கு அப்பால் பழுது என்றால் அழுத்தம், தண்ணீர் வெப்பம் எல்லாமே உளற வேண்டும். அவை ஒழுங்காக இருந்தன. மிச்சம் இருப்பது கப்ளரை ஒட்டிய ஒரு சாண் வயர்.

உறுதி செய்ய மல்டிமீட்டர். கப்ளரைத் திரும்ப மாட்டி, பின்பக்கத்து ரப்பர் வழியாக எர்த் வயரை ஒட்டி மெல்லிய ஊசியை நுழைத்து, டெர்மினலுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே அளந்தார். சில மில்லிவோல்ட் மட்டும் இருக்க வேண்டிய இடத்தில் 2 வோல்ட்டுக்குச் சற்றே குறைவு. இந்த இடத்தில் பலர் மீட்டரின் தடித்த முனையைக் கப்ளரின் முன்துளையில் திணிப்பார்கள். அது உள்ளே இருக்கும் தகட்டை விரித்து, வந்த பழுதோடு புதிதாக ஒரு லூஸ் கான்டாக்டையும் வைத்துவிட்டுப் போகும். வயரின் தோலைக் குத்தி அளப்பதும் அப்படித்தான்; அந்த ஓட்டை வழியாக மழைக்காலம் உள்ளே வரும். இன்னொரு எச்சரிக்கை: கம்பி வைத்து இணைக்கும் சோதனை இரண்டு வயர் சென்சாருக்குத்தான் இவ்வளவு எளிது. பல வண்டிகளில் அழுத்தமும் வெப்பமும் ஒரே சென்சாரில் நான்கு பின்னோடு வரும். டீசல் வண்டிகள் பலவற்றில் காற்றளவு சென்சாருக்குள்ளேயே ஐந்து வயரோடு இருக்கும். அங்கே 5 வோல்ட் சப்ளை பின்னைத் தெரியாமல் எர்த்தோடு சேர்த்தால் அந்தச் சப்ளையில் இருக்கும் மற்ற சென்சார்களும் சேர்ந்து படுத்துவிடும். வயரிங் படம் இல்லாமல் கை வைக்கக் கூடாது.

நிரபராதி என்றாலும் சென்சாரையும் விசாரித்தார் பாய். பக்கத்து ரோஸ்மில்க் கடையிலிருந்து ஒரு டம்ளர் பொடித்த ஐஸ் வந்தது. கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, சென்சாரின் முனையை மட்டும் அதில் அமிழ்த்தி மீட்டரை வைத்தார். எண் ஏறி ஏறி 5.8 கிலோ ஓமில் நின்றது. எடுத்துத் துடைத்து உள்ளங்கையில் பொத்திக்கொண்டார்; மெதுவாக இறங்கி 1.4க்குப் பக்கத்தில் வந்தது. "புதிது மாதிரி இருக்கிறது" என்று சொல்லித் திரும்ப மாட்டினார்.

பிறகு கப்ளரின் பூட்டை நெம்பி எர்த் டெர்மினலை வெளியே இழுத்தார். வயரும் தகடும் சேர்த்து நசுக்கிய இடத்தில் பச்சைக் களிம்பு, நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தது. உள்ளே செப்பு இழைகளில் பாதி கறுத்து, இரண்டு மூன்று மட்டும் பேருக்கு ஒட்டிக்கொண்டிருந்தன. வயரைச் சுற்றி உட்கார வேண்டிய சின்ன ரப்பர் சீல் பின்னால் தள்ளிக் கிடந்தது. என்ஜினை பளபளப்பாக்கித் தருகிறேன் என்று பிரஷர் தண்ணீரை அடிக்கும் வாட்டர் வாஷில் உள்ளே போன தண்ணீர் என்பது பாயின் தீர்ப்பு. எனக்கும் வேறு காரணம் தோன்றவில்லை. பெரிய கரன்ட் ஓடும் ஹெட்லைட் சுற்றில் இப்படிக் களிம்பு பிடித்தால் சூடேறிப் புகைந்து காட்டிக்கொடுத்துவிடும். இங்கே ஓடுவது ஒரு மில்லி ஆம்பியர் அளவுதான். சத்தமே வராது.

பழைய வண்டியிலிருந்து கழற்றிய கப்ளர் ஒன்று, வயரோடு, அவருடைய டப்பாவில் இருந்தது, சென்னைப் புதுப்பேட்டையின் பழைய பாகச் சரக்கு. கறுப்பு போகும் வரை வயரை வெட்டினார். செப்பு பளிச்சென்று தெரிந்த இடத்தில் நிறுத்தி, ஸ்லீவ் போட்டு நசுக்கி, பசையுள்ள சுருங்கும் குழாயைச் சூடுகாட்டி மூடினார். ஈயம் வைத்துப் பற்றவைக்கலாமே என்றேன். ஈயம் இழைகளுக்குள் ஏறி வயரை விறைப்பாக்கிவிடும், என்ஜின் அதிர்வில் அந்த விறைப்பு முடியும் இடத்தில் ஒடியும் என்றார். பலகையில் அசையாமல் இருக்கும் சுற்றுக்கு ஈயம், வண்டிக்கு நசுக்கல். இந்த விவாதம் எலக்ட்ரீஷியன்களிடையே தீராது. நான் பாய் பக்கம்.

வேலை முடிந்தபோது பில் நூறுகளில் இருந்தது. பையில் மடித்து வைத்திருந்த எஸ்டிமேட் ஐந்து இலக்கம். பிளக், இன்ஜெக்டர், ஆக்சிஜன் சென்சார் எல்லாம் மாற்றியிருந்தாலும் அந்தக் களிம்பு அங்கேயேதான் இருந்திருக்கும்.

ஸ்கேனரில் காற்று 47 என்று வந்தது. பழைய ட்ரிம் நினைவு அப்படியே இருந்தால் ஈசிஎம் பழக்கதோஷத்தில் கொஞ்ச நாள் பெட்ரோலைக் குறைத்தே விடும் என்பதால் பாய் அதை அழித்துவிட்டார். புதிதாகக் கற்றுக்கொள்ள நகர நெரிசலும் வேண்டும், ஒரே வேகத்தில் நீண்ட ஓட்டமும் வேண்டும். கிரீன் சர்க்கிளில் கொஞ்சம் திணறவிட்டு, அப்படியே பெங்களூர் சாலையில் பள்ளிகொண்டா தாண்டிப் போய்த் திரும்பினேன். ட்ரிம் மைனஸ் 3இல் உட்கார்ந்தது. இரண்டு பக்கமும் 5 வரை இருந்தால் அதைத் துரத்திக்கொண்டு போக வேண்டியதில்லை. அடுத்த வாட்டர் வாஷில் என்ஜின் பக்கம் தண்ணீர் வேண்டாம், ஈரத்துணியால் துடைத்தால் போதும் என்று சொன்னேன். அதற்குத் தனிக் கட்டணம் என்றார்கள்.